மருந்துச் சீட்டில் தண்ணீரையும் எழுதுங்கள்

மதுரை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு வயது 61. பத்து வருடமாக சுகர், நாலு வருடமாக முட்டி வலி. ஒவ்வொரு முறையும் டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "டெய்லி முக்கால் மணி நேரம் நடங்கம்மா" என்பார். நடந்தால் முட்டி வீங்குகிறது, நடக்காவிட்டால் சுகர் ஏறுகிறது.

போன தை மாதம் மேலூர்ப் பக்கம் பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். பெரியாற்றுத் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்து கிடந்தது. மதினிக்குத் துணையாகப் படித்துறையில் இறங்கியவள், பேச்சு வாக்கில் இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் அங்குமிங்கும் நடந்திருக்கிறேன். கரையேறிய பிறகுதான் முட்டி ஞாபகமே வந்தது. இருந்த நாலு நாளும் இறங்கினேன், ராத்திரி நல்ல தூக்கம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இடுப்பளவு நீரில் நம் எடையில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. நெஞ்சளவு போனால் இன்னும் அதிகம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடப்பதால் தசைக்கு வேலை இருக்கிறது, மூட்டுக்குச் சுமை குறைகிறது.

இங்கிலாந்தில் நோயாளிகளைத் தண்ணீர்ப் பக்கம் சீட்டு எழுதியே அனுப்பும் வழக்கம் வந்துவிட்டது. கார்ன்வால் கடற்கரையில் 2010-ல், மனம் சோர்ந்த பிள்ளைகளை அலைச்சறுக்கு விளையாட அழைத்துப்போகும் திட்டம் ஒன்றை அந்த நாட்டு அரசு மருத்துவத் துறையின் பணத்தில் ஆரம்பித்தார்கள். லண்டனில் பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களை ஈரநிலத்துக்குக் கூட்டிப்போய்ப் பறவை பார்க்க வைக்கிறார்கள். கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருப்பதெல்லாம் வைத்தியமா என்று நமக்குச் சிரிப்பு வரும். சரி, அதையாவது நாம் செய்கிறோமா? சாமநத்தம் கண்மாய்க்கு வரும் பறவைகளை மதுரைக்காரர்களில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

நம் அரசும் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. நல்ல காரியம்தான். என் முட்டிக்கு அது திருப்பரங்குன்றத்துக்குப் பாதயாத்திரை.

நான் கேட்பது வேறு. அழகர் இறங்குவதற்காக வருடா வருடம் வைகை அணையைத் திறக்கிறோம். மனிதர் இறங்க நகருக்குள் ஓர் இடம் கிடையாது. ஆற்றில் சாக்கடை கலக்கிறது. மாரியம்மன் தெப்பக்குளம் காய்ந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலம் போய், இப்போது தண்ணீரைப் பார்க்க முடிகிறது. சாயங்காலம் அந்தச் சுவரில் உட்கார்ந்தாலே மனசு லேசாகிறது. ஆனால் அது கோயில் குளம், அதில் இறங்கி நடக்கக் கேட்பது நியாயமில்லை. வண்டியூர்க் கண்மாயோ வேறு எதுவோ, ஒரு ஓரத்தில் இடுப்பளவு ஆழத்துக்குத் தரையைச் சமன் செய்து, கைப்பிடிக் கம்பி வைத்த ஒரு படித்துறை போதும். கழிவுநீர் வரும் வாய்க்காலை முதலில் அடையுங்கள். தண்ணீரை மாதாமாதம் சோதித்து, முடிவை அங்கேயே பலகையில் எழுதுங்கள். எலிக்காய்ச்சலை வாங்கிக்கொண்டு முட்டி வலியைத் தீர்ப்பதில் அர்த்தமில்லை. நீந்தத் தெரிந்த இரண்டு பேர் கரையில் காவலுக்கு வேண்டும்.

மருத்துவர்களைச் சேர்த்து எழுதுவதற்கும் காரணம் உண்டு. காலில் ஆறாத புண் இருக்கும் சுகர்க்காரர், வலிப்பு வருகிறவர் எல்லாம் தண்ணீரில் இறங்கக் கூடாது. யாரை இறக்கலாம், யாருக்குக் கரையில் உட்கார்ந்தால் போதும் என்று நீங்கள்தான் பிரித்துச் சொல்ல முடியும். பிபி, சுகர் நோயாளிகளின் பதிவேடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் ஒரு நிலையத்திலிருந்து இருபது பேரை அனுப்பிப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, சீட்டில் இன்னொரு வரி கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. நகரத்து நீச்சல் குளம் ஒன்றில் விசாரித்தேன். நீச்சலுடை இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். என் வயதுப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள். நாங்கள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகியதே பாவாடையோடுதான். ஆகவே வாரத்தில் இரண்டு காலையைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, உடை மாற்ற ஒரு மறைப்பும் கட்டுங்கள். பலகையில் நேரத்துக்குக் கீழே, "சேலையோடு இறங்கலாம்" என்றும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையில் வசிக்கும் ஒரு முட்டி வலிக்காரி