காயை முற்ற விடுங்கள்: மாங்காய் மண்டிக்காரர்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரத்து மண்டிக்காரர்களுக்கும் தோப்புக் குத்தகைதாரர்களுக்கும் வணக்கம்.

காயைப் பழுக்க வைக்கும் கார்பைடு கல்லுக்குத் தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் 2016 முதல் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதித்திருப்பதும் தெரியும். பலர் செலவு செய்து அந்த வாயுவில் பழுக்க வைக்கும் அறையும் கட்டிவிட்டீர்கள். பிறகும் பழம் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள் வாங்குகிறவர்கள். கோளாறு பெரும்பாலும் அறையில் இல்லை, பறிப்பில் இருக்கிறது.

காயில் ஏற்கெனவே சேர்ந்த மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதால்தான் மாம்பழம் இனிக்கிறது. அதற்கான சத்து இலையிலிருந்து காம்பு வழியாக வந்து சேர வேண்டும். காம்பை ஒடித்தால் வரவு நின்றது. காய் பிடித்து முற்ற ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 90 முதல் 120 நாள். கொட்டை இறுகி, உருவம் நிறைந்த பிறகும் கடைசி வாரங்களில் மாவுச்சத்து ஏறிக்கொண்டே இருக்கும். முதல் விலைக்கு ஆசைப்பட்டு அதற்குள் இறக்கினால், எத்திலீன் தோலை மஞ்சளாக்கும், சதையை இளக்கும். இல்லாத மாவை எங்கிருந்து கொண்டுவரும்?

பூ வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பூப்பதால் ஒரே மரத்திலேயே காய்களுக்கு வயது வேறு. மரத்தை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் பிஞ்சும் விளைந்ததும் ஒரே பெட்டியில் வந்து விழும். வாரம் பத்து நாள் இடைவெளியில் மூன்று பறிப்பாவது வேண்டும். கூலி கூடும், மறுக்கவில்லை. கழிவு குறைவதையும் கணக்கில் சேருங்கள்.

முற்றல் பார்க்க மீட்டர் தேவையில்லை. காயின் தோள் காம்படிக்கு மேல் எழும்பி, காம்பு குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்துக் காய் போடுங்கள்: விளைந்தது அடியில் போகும், இளசு மிதக்கும். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும் என்பதால் ஒன்றை அறுத்தும் பாருங்கள். கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையாக இருந்தால் காய் இன்னும் மரத்தில் இருக்க வேண்டியது.

வலைப்பை கட்டிய தொரட்டியால், காம்பு கொஞ்சம் விட்டுப் பறியுங்கள். நிழலில் காம்பை வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிடுங்கள். பால் தோலில் பட்டால் கருகிக் கறையாகும், அந்த இடம் அழுகலுக்கும் வழிவிடும்.

அறையில் 20 முதல் 22 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், ஒரு நாள் எத்திலீன். கதவைத் திறந்து காற்று மாற்ற மறக்கிறவர்கள்தான் அதிகம். காய் விடும் கரியமில வாயு 1 சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீன் சரியாக வேலை செய்யாது. அப்போது அளவைக் கூட்டுவது வீண். எத்திலீனை வெளியிடும் ரசாயனமான எத்திபானின் கரைசலில் காயை முக்குவது அனுமதிக்கப்பட்ட முறையே அல்ல.

எங்கள் கோரிக்கை இரண்டு. ஏலத்துக்கு முன் வாளிச் சோதனை வைத்து, மிதக்கும் காய்க்கும் அமிழும் காய்க்கும் தனித்தனி விலை போடுங்கள். குத்தகைச் சீட்டில் எத்தனை பறிப்பு என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மா சாகுபடியிலும் அறுவடைக்குப் பிந்தைய வேலையிலும் இருப்போர்