பகலில் கைக்குழந்தைக்கு ஊட்டுவது யார்?

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாயின் கூலிதான் கிராமத்து வீட்டில் முட்டையும் பருப்பும் வாங்குகிறது. அவர் வேலைக்குப் போவதால் பிள்ளை இளைக்கிறது என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பொழுது விடிந்ததும் கிளம்பியவர் திரும்பும்வரை ஊட்ட ஆளில்லை என்பதே காரணம்.

இரண்டு வயது நிரம்பினால் அங்கன்வாடியில் மதியச் சோறு கிடைக்கிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் ஓட்டை. அந்த வயதுக்கு வீட்டுக்குச் சத்துமாவு கொடுக்கிறீர்கள். அதைக் காய்ச்சி, பொறுமையாக ஊட்டும் கை வயலில் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பாட்டி 200 மில்லி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி, சுமார் 10 கிராம் மாவைக் கரைக்கிறார். பால்புட்டியின் ரப்பர் காம்பில் ஊசியால் துளையைப் பெரிதாக்கி அந்தக் கஞ்சியைப் புகட்டுகிறார். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும். உள்ளே போனது 40 கலோரிகூடத் தேறாது. 8 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிதான் கொள்ளும். அதே அளவில் 40 கிராம் மாவும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் இருந்தால் ஏறத்தாழ 190 கலோரி.

ஆனால் 40 கிராம் போட்டால் களியாகிவிடும், குழந்தை துப்பிவிடும். பாட்டி தண்ணீர் சேர்ப்பது அறியாமையால் அல்ல. இதற்கு முளைக்கட்டிய கேழ்வரகு மாவு உதவும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைவிடச் செய்து, உலர்த்தி, வேரைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். சிவக்க வறுத்தால் மாவுச்சத்தை உடைக்கும் நொதி செத்துவிடும். கொதிக்கிற கஞ்சியில் போட்டாலும் அப்படியே. சத்துமாவைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் இந்தக் கேழ்வரகு மாவில் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கிளறினால் சில நிமிடங்களில் இளகும். பிறகு ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் கிண்ணத்தில் கரண்டியால் ஊட்டலாம். விடியற்காலையில் காய்ச்சியதை மதியம்வரை வைத்திருந்தால், சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

ஆகவே மாவோடு ஆளும் வேண்டும். மத்திய அரசின் பால்னா திட்டப் பகல்நேரக் குழந்தைக் காப்பகம் ஆறு மாதக் குழந்தையையும் சேர்க்கிறது. மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம். நடவு நாட்களில் அந்த நேரம் போதாது. சம்பா நடவு, களை, அறுவடைக் காலங்களிலாவது காலை ஆறரைக்கே திறந்து, பணியாளரும் உதவியாளரும் முறை மாற்றிக்கொள்ளட்டும். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். ஒன்பது மாதம் தாண்டிய குழந்தைக்குத் தாய்ப்பாலோடு மூன்று, நான்கு வேளை உணவு தேவை. அதில் இரண்டு வேளையாவது அங்கே கிடைக்கட்டும்.

2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்தச் சொன்னது. நிழல் இல்லாத இடத்துக்குத் தாய்மார் பிள்ளையைத் தூக்கி வருவதில்லை; வராத பிள்ளைகள் எண்ணிக்கையில் சேர்வதுமில்லை. அரசின் ஊரக வேலை என்றாலும் தனியார் வயல் என்றாலும், வேலையிடத்தை எண்ணாமல் ஊரில் உள்ள கைக்குழந்தைகளை எண்ணுங்கள்.

மாதாமாதம் எடை பார்த்துக் குறிக்கும் அட்டையில் ஒரு கட்டத்தைச் சேருங்கள்: பகலில் ஊட்டுபவர் யார்? ‘அக்கா, எட்டு வயது’ என்று எழுதியிருக்கும் வீடுகளிலிருந்து காப்பகச் சேர்க்கையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
குழந்தை உணவுப் பணியில் இருப்போர்,
சென்னை