வரைபடத்தில் ஓடைகளும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் நிலப்பயன்பாட்டை வகுக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான (மாஸ்டர் பிளான்) வரைபடப் பணிகள் குறித்த செய்தி கண்டேன். செயற்கைக்கோள் படம் கட்டடங்களையும் சாலைகளையும் துல்லியமாகக் காட்டுமே தவிர, தூர்ந்துபோன வாய்க்காலைக் காட்டாது. அது பழைய கிராம வரைபடத்திலும் கிராம நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டிலும், அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களின் நினைவிலும்தான் இருக்கிறது. எங்கள் முடிச்சூர்ப் பகுதியில், கிராம வரைபடம் ஓடை என்று குறிக்கும் புல எண்ணில் இன்று சிமென்ட் சாலை ஓடுகிறது. ஐப்பசி மழையில் முழங்காலளவு நீர் முதலில் தேங்குவதும் அங்கேதான்.

ஆகவே, வரைவு வரைபடத்தைப் புல எண்களுடன் தமிழில் வார்டுதோறும் பார்வைக்கு வைத்து, வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகளில் மக்கள் சுட்டும் நீர்வழிகளைக் களத்தில் சரிபார்த்துச் சேர்த்த பிறகே நிலப்பயன்பாட்டை இறுதிசெய்ய வேண்டும்.

– வாசகர், முடிச்சூர்