ஜாண் மண்ணும் கீறல் விட்ட பாறையும்

பென்னாகரம்
ஆவணி 20

அன்புள்ள பங்காளிக்கு,

பேரன் கையில் நீ கொடுத்தனுப்பிய கல் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஜோத்பூரிலிருந்து இனிப்பு வரும் என்று பார்த்தால் கல் வருகிறதே என்று உன் தங்கச்சிக்கு ஒரே சிரிப்பு. நான் அதைத் திண்ணையில் வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் முழுக்க ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த பிறகு தெரியுமே, அந்த மாதிரி வரிவரியாக அலைத்தடம். என்றைக்கோ தண்ணீருக்கு அடியில் கிடந்த மணல்தானே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கடப்பாரையைப் போட்டால் ஒரு ஜாணிலேயே டங்கென்கிறது, அதுக்குக் கீழே முழுக்க மணற்பாறை. இதில் இவர்கள் எப்படி ஆடு மாடு வளர்க்கிறார்கள்? நம் கரடே தேவலாம் போல" என்று எழுதியிருந்தாய். நான் செய்த காரியத்தை நீயும் செய்து பார். உன் கல்லையும் நம் கரட்டுக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நம் கல்லில் சொட்டு அப்படியே உருண்டையாக நின்று, சாய்த்ததும் ஓடிவிட்டது. உன் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பையாகி உள்ளே போய், ஈரத்தடம் மட்டும் இருந்தது. உன் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். நம் ஊர்ப் பாறை 250 கோடி வருசம் பழைய, நைஸ் (gneiss) என்கிற உருமாறிய பாறை. வெந்து இறுகியது, அதற்குள் தண்ணீருக்கு இடமே கிடையாது. உன் பாறையில் மணலுக்கும் மணலுக்கும் இடையே இண்டு இடுக்கு இருக்கிறது. மேலே உளுத்துப்போன பாறையே கொஞ்சம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வேர் அதையும் உறிஞ்சும்.

மண்ணைப் பற்றி நீ குறை சொன்னது நியாயம்தான். மணற்பாறை உளுத்தால் மணல்தான் வரும். அதில் பெரும்பாலும் நம் ஊர் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் சரக்குதான், அதில் பயிருக்கு என்ன சத்து இருக்கும்? களி இல்லை, மக்கிய தழை இல்லை. அந்த மாதிரி மண்ணில் ஒரு ஜாணுக்கு இரண்டு செ.மீ. மழை அளவுதான் செடிக்கு உதவுகிற ஈரம் தங்கும். அதற்கு மேல் பெய்தால் கீழே இறங்கும், இல்லாவிட்டால் வழிந்தோடும். நம் பாறையில் மைக்கா, ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமங்கள் எல்லாம் உண்டு, அது உளுத்தால் களி சேர்ந்த செம்மண். சாமையும் கொள்ளும் விளைவது அதனால்தான்.

ஆனால் வறண்ட ஊரில் கணக்கு தலைகீழ். ஜோத்பூரில் வருசத்துக்கு 36 செ.மீ. சுமாருக்குத்தான் மழை, நமக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கொஞ்ச மழை களிமண்ணில் விழுந்தால் மேலேயே நின்று மறுநாள் வெயிலுக்கு ஆவியாகிவிடும். மணலில் விழுந்தால் சட்டென்று கீழே போய்விடும். அப்புறம் மேல் இரண்டு விரற்கடை காய்ந்து கீழ் ஈரத்துக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும். அடுத்த மழை விட்டு நான்கு நாள் கழித்து அங்கே கையால் தோண்டிப் பார். மேலே பொடி பறக்கும், நாலு விரல் கீழே கை சில்லென்று இருக்கும். அங்கே பாறையை ஒட்டித்தான் ஈரம் நிற்கும், அங்கிருந்துதான் கீறலுக்குள் இறங்கும்.

கீறல் என்றதும் என் வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கரட்டில் நான் நெல்லி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு அலுவலகத்தில் சொன்ன அளவுப்படி ஜேசிபி வைத்து வரிசையாக 60 குழி. பாறையில் வெட்டிய குழி அண்டா மாதிரி. ஐப்பசியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகியது, சித்திரையில் மிச்சம் வெந்தது. ஏழே ஏழு செடி பிழைத்தது. மேல் ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு என்று சம்பந்தமில்லாமல் நின்றன. ஒரு நாள் மாட்டைத் தேடி மேலே ஏறி நின்று பார்க்கிறேன், ஏழும் ஒரே கோட்டில்! போய் இரும்புக் கம்பியை விட்டால் ஐந்தடி இறங்குகிறது. பாறைக் கீறல். பழைய உசிலமரமும் அதே கோட்டில்தான் நிற்கிறது, நாற்பது வருசமாகப் பார்த்தும் புத்தியில் உறைக்கவில்லை. குழி எவ்வளவு ஆழம் என்று கேட்ட நேரத்தில் பாறை எங்கே வாயைத் திறந்திருக்கிறது என்று தேடியிருக்கலாம்.

உன் பக்கத்தில் அதைத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். மேஹ்ரான்கர் கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, 2006-இல் ஆரம்பித்தது, 70 எக்டேருக்கு மேல். எரிமலைப் பாறையும் மணற்பாறையும் சேர்ந்த இடம், முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததாம். அதை வேரோடு எடுக்க யாராலும் முடியாமல், கடைசியில் மணற்பாறை வெட்டிப் பழகிய கந்த்வாலியா ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே பாறை எங்கே இளகல் என்று சொல்லிவிடுவார்களாம். அப்படி எடுத்த குழிகளில் அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வைத்தார்கள். கட்டாயம் போய்ப் பார்த்து எழுது. நமக்கு அந்தக் காது இல்லையே என்று எனக்கு ஒரே ஏக்கம்.

இன்னொரு வேலை. அங்கே மண்ணில் பாதி புதைந்த கல் ஒன்றைப் புரட்டிப் பார். அடிப்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கிறதா? எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும். குறைந்த மழை, சுண்ணாம்பைக் கரைத்து வெளியே அடித்துக்கொண்டு போக முடியாமல் அங்கேயே விட்டுவிடுகிறது. நம் ஊரில் தாழ்ந்த நிலத்தில் சுக்கான்கல் கிடைப்பதும் இதே கதைதான்.

மேய்ச்சலைப் பற்றிக் கேட்டாய். மருமகன் அமெரிக்காவில் யூட்டா பக்கம் போனபோது எடுத்த படம் அனுப்பினார். அங்கேயும் மணற்பாறை மேல் மெல்லிய மண்தான். அதன் மேல் கருகருவென்று, சொரசொரப்பாக, தீய்ந்த தோசை மாதிரி ஒரு ஓடு. நெல் வயலில் போடுவோமே நீலப்பச்சைப் பாசி, அந்த இனமும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கிற லைக்கனும் சேர்ந்து மணலை நூல் போட்டுத் தைத்ததுபோல் பிடித்து வைத்திருக்கிறதாம். காற்றில் இருக்கிற தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். மிதித்தால் போச்சு, திரும்ப வளரப் பல பத்தாண்டுகள். அதனால் பாதையை விட்டு இறங்காதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஜாண் மண் இருக்கிற இடத்தில் விரற்கடை மண் போனால் என்ன மிச்சம்?

அதைப் பார்த்த பிறகு நான் கரட்டை முள்வேலி போட்டு மூன்றாகப் பிரித்துவிட்டேன். மழை விட்டு ஒரு மாதம் ஆட்டை விடுவதில்லை. கொழுக்கட்டைப்புல் விதை விட்ட பிறகுதான் சேலம் கருப்பு பதினெட்டும் உள்ளே போகும். பக்கத்துக் காட்டுக்காரர் "புல்லை வைத்துப் பூசை செய்கிறாயா" என்கிறார். செய்துவிட்டுப் போகிறேன். ஊசிப்புல் மட்டும் இருந்த கீழ்ப்பங்கில் இந்த வருசம் கொழுக்கட்டை நாலு இடத்தில் தூர் கட்டியிருக்கிறது.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரிய கிடாவுக்குக் கால் சுளுக்கு, விளக்கெண்ணெய் போட்டுக் கட்டியிருக்கிறேன். நேற்று ராத்திரி நல்ல இடி, மழை மட்டும் ஒகேனக்கல் பக்கமே நின்றுவிட்டது. பூங்காவுக்குப் போனால் பாறையைத் தட்டுகிற சத்தத்தை போனில் பதிந்து அனுப்பு. கல்லுக்குப் பதிலாக இந்த முறை இனிப்பையே கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுப் பங்காளி