நாலு அட்டை

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் பண்ணினால் "சாப்பிட்டேன்மா, வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பர் எடுத்தேன். கோவில்பட்டியில் மூன்று நாளாக மழை. சித்தி மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. உனக்கு முதுகு எப்படி இருக்கிறது?

நீ சூப்பர்வைசர் ஆனதை அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்துவிட்டு, காலை டிபி மாத்திரையை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அப்புறம் தூங்கு. இந்த வியாதிக்காக மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் பேங்கில் போடும் பணம் முட்டைக்கும் பாலுக்கும்தான், வண்டி தவணைக்கு இல்லை.

வலி போய்விட்டது என்கிறாய். வலி போவது வேறு, எலும்புக்குள் இருக்கும் கிருமி சாவது வேறு. நுரையீரலுக்கு ஆறு மாதம் போதும், முதுகெலும்புக்கு ஒரு வருஷம் என்று டாக்டர் உன் முன்னால்தானே சொன்னார்? பாதியில் விட்டால் எலும்பு இடிந்து கூன் விழலாம், நரம்பை அழுத்திக் கால் விளங்காமலும் போகலாம் என்றாரே. பெரிய ஆச்சியின் முதுகை நினைத்துக்கொள். அதை வயசுக் கூன் என்று நாமாகச் சொல்லிக்கொண்டோம்.

நீ தினமும் தாண்டிப் போகிற சானடோரியம் ஸ்டேஷன் பேரே இந்த வியாதிக்காக அங்கே கட்டிய ஆஸ்பத்திரியால் வந்ததுதான். உன் தாத்தா காலத்தில் அங்கே ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வீட்டில் அழுவார்கள். வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் போலவே குணமாகிறது என்று 1950களில் நம் சேத்துப்பட்டில்தான் ஆராய்ந்து கண்டார்களாம். டிபி ஆபீஸ் அக்கா சொன்னது. வீட்டிலேயே சாப்பிடலாம் என்றால் சாப்பிட வேண்டுமல்லவா?

ஆவணியில் சித்தி வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்தாயே, உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் நாலு மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. உனக்கு ஒரு அட்டை ஒரு வாரம். அடுத்த மாதத்துக்கு வாங்கியது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இருந்த மூன்று நாளும் நீ மாத்திரை போட்டதை நான் பார்க்கவில்லை. மாத்திரை போட்டால் பாத்ரூமில் தெரியும் அந்த ஆரஞ்சு நிறமும் இல்லை. கேட்க வாய் வரவில்லை ராசா. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் கழுத்துத் தழும்பு எண்ணெய் பட்டது இல்லை. உனக்கும் தங்கச்சிக்கும் பொய் சொல்லி வளர்த்தேன். அது கண்டமாலை. கழுத்து நெறிகட்டியில் வந்த டிபி. மாத்திரை ஆரம்பித்து ஐந்தாம் மாதம் கல்யாணம். மாத்திரை போட்டால் ஒன்றுக்கு ஆரஞ்சாகப் போகும், உனக்குத் தெரியும். புகுந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள், ஆச்சி "யாருக்கு மஞ்சக்காமாலை?" என்று கேட்டார்கள். அன்றைக்கே மிச்ச மாத்திரையை எல்லாம் கிணற்றடியில் புதைத்தேன்.

நீ பிறந்து ஆறாம் மாதம் திரும்ப வந்தது. கட்டி உடைந்து சேலைத் தலைப்பு ஒட்டிக்கொள்ளும். நாள் விட்டு நாள் ஊசி. காதில் இரைகிறது என்று நான் சொல்வதும், நீங்கள் "அம்மாவுக்கு இரண்டு தடவை சொல்லணும்" என்பதும் அந்த ஊசியில் தொடங்கியதுதான். பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நுரையீரலில் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருந்தால் அடுத்தவருக்கு ஒட்டாது என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அடுத்த அறையில் நீ அழுவாய், எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனையும். நான் வாயைத் திறக்கவில்லை. என் தப்பு என்று தெரிந்ததால் திறக்கவில்லை.

உனக்கு முதுகு வலி என்றபோதும் வண்டி ஓட்டுவதால்தான் என்று சுளுக்கு வழிக்க அனுப்பினேன். மூன்று மாதம் வீணானது. சாயங்காலக் காய்ச்சலும் இளைப்பும் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்தப் பேரை நினைக்கப் பயந்தேன்.

ரூமில் இருக்கும் பையன்களுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறாயா? முதுகெலும்பு டிபி அவர்களுக்கு ஒட்டாது, சொல்லிவிடு. மாத்திரையை விட்டிருந்தால் நீயாகத் திரும்ப ஆரம்பிக்காதே. எத்தனை நாள் விட்டாய் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல். திட்டினால் வாங்கிக்கொள். விட்டு விட்டுப் போட்டால் அப்புறம் இந்த மருந்துக்கே கேட்காமல் போகும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார், நான் மட்டும் வருகிறேன். தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், தூங்கு. மிச்சம் இருக்கிற அட்டைகளை மட்டும் மேசை மேல் எடுத்து வை. அவற்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே இரண்டு பேரும் டாக்டரிடம் போவோம்.

அம்மா