மலைக்குள் குடை

அன்புள்ள நெவாடா மக்களுக்கு,

வணக்கம். லாஸ் வேகஸுக்குக் குடிவந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. யக்கா மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டத்தைத் தடுத்து நிறுத்திய விவகாரத்தில் என் பங்கு ஒன்றுமே கிடையாது. பெரிய சண்டையெல்லாம் முடிந்த பிறகு வந்தவன் நான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சமைத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டரில் அந்த மலை. நாட்டின் அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருள் உட்பட 70,000 டன் கழிவை அதற்குள் வைப்பதாகத் திட்டம். நெவாடாவில் ஓர் அணுமின் நிலையம்கூட இல்லை. ஆனாலும் 1987-இல் டெக்சாஸும் வாஷிங்டன் மாநிலமும் பட்டியலிலிருந்து நழுவிக்கொள்ள, யக்காவை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. வாயில்லாப் பூச்சி தலையில் கட்டிவிடலாம் என்ற கணக்குதான்.

முதல் நன்றி இந்த மண்ணின் பூர்வகுடிகளான மேற்கு ஷோஷோனி மக்களுக்கு. 1863-இல் அமெரிக்க அரசோடு ரூபி வேலி உடன்படிக்கை போட்டபோதும் நிலத்தை யாருக்கும் எழுதித் தரவில்லை என்று இன்றுவரை சொல்கிறார்கள். அவர்கள் மண்ணில்தான் 1951 முதல் 1992 வரை 928 அணுவெடிப்புச் சோதனைகள் நடந்தன. அது போதாதென்று கழிவும் வேண்டுமா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டவர்கள் அவர்கள்.

அப்புறம் ஆளுநர் கென்னி கின். தன் கட்சிக்காரரான அதிபர் புஷ் ஒப்புதல் கொடுத்த திட்டத்தை 2002 ஏப்ரலில் 'வீட்டோ' செய்தார். சில மாதங்களிலேயே காங்கிரஸ் அந்த வீட்டோவைத் தூக்கிப் போட்டது. செனட்டில் 60-க்கு 39. தோல்விதான். எங்கள் மாநில செனட்டர் ஹாரி ரீடோ, செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைமை கைக்கு வந்ததும் வருடா வருடம் நிதியை இறுக்கி இறுக்கித் திட்டத்தை மூச்சுவிடாமல் செய்தார். 2010-இல் மத்திய எரிசக்தித் துறையே உரிம விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கிளம்பியது.

எனக்கு இவர்களைவிடப் பிடித்தவர்கள், கோப்புகளோடு மல்லுக்கட்டிய மாநில ஊழியர்கள். மலையில் வேலை நடக்கத் தண்ணீர் வேண்டும், அதற்கு மாநில நீர்ப் பொறியாளரின் அனுமதி வேண்டும். 2000-இல் 'பொதுநலனுக்குக் கேடு' என்று மறுத்துவிட்டார்கள். 10,000 ஆண்டுக்குப் பாதுகாப்பு காட்டினால் போதும் என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டு 2004-இல் ஜெயித்தார்கள். அது பிறகு பத்து லட்சம் ஆண்டு ஆனது. நான் ரசித்தது குடைக் கதை. மலை வறண்டது, நீர் இறங்காது என்றுதான் மத்திய அரசுக்காரர்கள் இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், கழிவுக் கலன்கள்மேல் நீர் சொட்டாமலிருக்க 11,000-க்கும் அதிகமான டைட்டானியக் கவசங்கள் வைப்பதாக அவர்கள் திட்டத்திலேயே இருக்கிறது! அதுவும் உடனே இல்லை, ஏறக்குறைய நூறு வருடம் கழித்து வைப்பார்களாம். இதைத் தோண்டி எடுத்து விடாமல் கேள்வி கேட்டவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சரி, நம் பக்கமும் கோமாளித்தனம் நடக்காமல் இல்லை. மத்திய அரசுப் பணம் நேராக மாநிலக் கஜானாவுக்கு வரவேண்டுமென்று 1987-இல் மலையைச் சுற்றி 'புல்ஃபிராக்' என்றொரு மாவட்டத்தையே உருவாக்கினார்கள். மக்கள்தொகை: பூஜ்யம். இரண்டே வருடத்தில் கலைத்தார்கள்.

"அப்படியானால் எங்கேதான் வைப்பது?" என்று வெளிமாநில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கழிவு இன்னமும் பல மாநிலங்களில் உலைகளின் பக்கத்திலேயே கிடக்கிறது. அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு இடம் தேடியிருக்கலாம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக, எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பொது விசாரணையில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றதால், அடுப்படி டைமரை வைத்து வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாராம். அங்கே போனதும் பதற்றத்தில் நிதானம் தவறி, கடைசிப் பத்திக்கு வருவதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். அந்த மஞ்சள் தாளை இன்னும் வைத்திருக்கிறார். போன வாரம் மிச்சத்தை எனக்குப் படித்துக் காட்டினார். ஒரே வரிதான்: "என் பேருந்துக்குப் பின்னால் வரும் லாரியில் என்ன இருக்கிறதென்று எனக்கு யார் சொல்வார்கள்?"

நன்றியுடன்,
லாஸ் வேகஸிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்