கடல்மட்டப் பாடத்துக்கு இரண்டு டம்ளர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவநிலை மாற்றம் நம் பிள்ளைகளுக்கு வெறும் பனிக்கரடிப் படமாகவே நின்றுவிடுகிறது. கடலோரப் பள்ளிகளில் ஒரே பாடவேளையில் அதைக் கண்முன் காட்டலாம்.

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் கருங்கல்லை வைத்து, அதன்மேல் இரண்டு ஐஸ்கட்டிகள். மற்றதில் அதே அளவு கட்டிகளை மிதக்கவிடுங்கள். உடனே மட்டத்தைக் குறியுங்கள். உருகி முடிந்ததும் கல் இருக்கும் டம்ளரில்தான் தண்ணீர் ஏறியிருக்கும். கல் நிலம், தண்ணீர் கடல்: நிலத்தின் மேலுள்ள பனி உருகினால் கடல்மட்டம் உயரும், மிதக்கும் பனி உருகினால் ஏறக்குறைய உயராது என்பதே பாடம். அகலப் பாத்திரம் வேண்டாம். ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. உப்புத் தண்ணீரும் வேண்டாம். மிதக்கும் கட்டி உருகினாலும் மட்டம் துளி உயர்ந்து பிள்ளைகளைக் குழப்பும்.

அடுத்ததுதான் முக்கியம். புதுச்சேரி கடற்கரை மணலை இழந்ததற்கும் கடல்மட்ட உயர்வையே காரணம் சொல்லிவிடக் கூடாது. வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்ததே அங்கு முதன்மைக் காரணம். இந்த வேறுபாட்டை மாணவர்கள் வரைபடத்தில் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் அவர்கள் இச்சோதனையைத் தாங்களே செய்து பார்க்கக் கல்வித்துறை ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

– அறிவியல் ஆசிரியர்கள் சிலர், கடலூர்